வானத்தில் ஒரு மணி நேரம்

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் உற்பத்தியைத் திட்டமிடுவது என் வேலை. மிஷின் ஓடும் நேரத்தை மட்டும் பார்த்துத் தேதி சொல்லுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நடுவில் மிஷினில் அச்சு மாற்றும் நேரத்தை யார் கணக்கில் சேர்ப்பது?

பெங்களூரில் தங்கைக்கு வலி எடுத்துவிட்டது என்று அவள் கணவர் காலையில் போன் செய்தபோதும் அதே கோபம்தான் வந்தது.

"உனுக்கும் அம்மாவுக்கும் ஃப்ளைட்டு பாத்துட்டேன்க்கா. ஏறுனா ஒரு மணி நேரம்."

தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்கவில்லையே என்று அம்மா மாதக்கணக்கில் புழுங்கிக்கொண்டிருந்தாள். பிரசவ அறைக்குள் போகும் முன்பாவது மகளின் கையைப் பிடித்துவிட வேண்டும் அவளுக்கு. நான் போனை வைப்பதற்குள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

நான் விடுவேனா? இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே முந்நூறு கிலோமீட்டர்கூட இல்லை. பறக்க ஒரு மணி நேரம், உண்மைதான். ஆனால் எங்கள் வீடு பென்னலூரில். பெங்களூர் நெடுஞ்சாலை பக்கத்திலேயே ஓடுகிறது. மேற்கே போக வேண்டியவர்கள் லாரிகளோடு மல்லாடிக் கிழக்கே மீனம்பாக்கம் போய், சோதனைக்கு நின்று, காத்திருந்து ஏறி, அங்கே ஊருக்கு வெகு வெளியே இறங்கி, மறுபடியும் நெரிசலில் ஊர வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை.

"ஃப்ளைட்டே மதியானம்தாம்மா. அதுக்குள்ள கார்ல பாதி வழி தாண்டிடலாம்."

"எது முன்ன போவுமோ அதுல இட்டுகினு போடி."

வாடகைக் கார் பிடித்தேன். ஆம்பூர் தாண்டியும் அம்மா வாய் திறக்கவில்லை. மகளை நினைத்துக் கவலைப்படுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

நாங்கள் போனபோது தங்கையை இன்னும் உள்ளே கொண்டுபோகவில்லை. அம்மா கையைப் பிடித்ததும் அவள் சின்னப் பிள்ளைபோல அழுதாள். போனில் பார்த்தேன், எங்களுக்குப் பார்த்து வைத்த விமானம் அப்போதுதான் தரையிறங்கியிருந்தது. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. அம்மா அதை மடியில் கிடத்திக்கொண்டிருந்தபோது தங்கைதான் கேட்டாள்.

"ஆஸ்பத்திரிக்கு யாராச்சும் பட்டுப்பொடவ கட்டிகினு வருவாங்களாம்மா?"

"ஏரோப்ளேன்ல போறோம்னு சொன்னாங்களேடி," என்றாள் அம்மா, குழந்தையைப் பார்த்தபடியே.

எனக்குச் சுருக்கென்றது. மாடியில் துணி எடுக்கும்போது விமானச் சத்தம் கேட்டால் அது மறையும்வரை அண்ணாந்து நிற்கிறவள் அவள். காலையில் அவளிடம் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

குழந்தைக்குப் பெயர் வைத்த பிறகு அம்மாவை விமானத்தில் அழைத்துவந்தேன். அதே பட்டுப்புடவை, ஜன்னலோர இருக்கை. மேலே ஏறிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் இறங்கத் தொடங்கிவிட்டது.

"இன்னாடி, அதுக்குள்ளவா?" என்றாள், என் கையைப் பிடித்துக்கொண்டு.

அன்று வீடு வந்து சேர மொத்தம் எவ்வளவு நேரமானது என்று நான் கணக்கே பார்க்கவில்லை.