பத்துத் தலைக்கவசங்கள்

பனிச்சறுக்குப் பள்ளியில் வேலை என்றால், வருடம் முழுக்கப் பனி வருமா என்று வானத்தைப் பார்ப்பது. வந்தபின் ஏன் வந்தது என்று கேட்பது. ஊர் விடுமுறை எடுக்கிற நாளில் சீருடை போடுகிற எல்லோருக்கும் இது தெரியும். ரயில் ஓட்டுகிறவர்கள், கோப்பை கழுவுகிறவர்கள், ஆஸ்பத்திரித் தாதிமார், உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அவர்கள் வாசிக்கத் தேவையில்லை.

நான் யாழ்ப்பாணத்தான். அகதியாக ஜெர்மனிக்கு வந்தபோது சவர்லாண்ட் மலையில் ஒரு லிஃப்டுக்கு அடியில் பனி அள்ள அனுப்பினார்கள். அள்ளி முடித்துவிட்டுச் சறுக்கிப் பார்த்தேன். முப்பது வருடம் போய்விட்டது. இப்போது முழங்கால் சரியில்லை. ஆகவே பெரிய விடுமுறைக்கு முன் பயிற்றுநர்களைத் தயார்படுத்துவது என் பொறுப்பு. ஒருமுறைதான் சொல்வேன்.

வந்தது

புதுவருட வார இறுதி. வகுப்புகள் நிரம்பிவிட்டன. மலையில் பனி இல்லை. புதன்கிழமை மழை. மாடு மேயலாம், அவ்வளவு புல். எங்கள் முதலாளி ஹைகே மணிக்கொருதரம் என்னைக் கூப்பிட்டு, மழை எப்படிப் பெய்கிறது என்று கேட்டாள். நனைகிற மாதிரிப் பெய்கிறது என்றேன்.

வியாழன் காலை கதவைத் திறந்தேன். சத்தம் ஒன்றும் இல்லை. சாலை இல்லை, வேலி இல்லை, என் கார் இல்லை. வானமும் நிலமும் எங்கே சந்திக்கின்றன என்று தெரியவில்லை. பெரிய செதில்கள், அவசரமே இல்லாமல், பாதி வழியில் யோசித்து யோசித்து இறங்கின. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. காலில் உறைக்கத் தொடங்கியபோதுதான் வெறுங்காலோடு நிற்கிறேன் என்று கண்டேன்.

பள்ளிக்குப் போனால் ஹைகே முற்றத்தின் நடுவில் நிற்கிறாள். அறுபது வயது, மலையே கேட்கிற தொண்டை. முகத்தை மேலே தூக்கி, கண்ணை மூடி, வாயைத் திறந்து பனியை வாங்கிக்கொண்டிருந்தாள். எத்தனை தலைக்கவசம் எடுத்து வைக்க என்று கேட்டேன். கண் திறக்காமல் மெல்லச் சொன்னாள்:

"பேசாதே. பனிக்குக் கேட்டால் நின்றுவிடும்."

தயாளினி

எங்கள் பயிற்றுநர்களில் இன்னொரு தமிழ் ஆள் தயாளினி. நாற்பத்தெட்டு வயது. ஹம் நகரில் முதியோர் இல்லத்தில் இரவு வேலை. மகனைச் சறுக்கப் பழக்கக் கூட்டிவந்தவள். மகன் இரண்டாம் நாளே அழுது விட்டுவிட்டான். இவள் விடவில்லை. ஐந்து குளிர்காலம் பழகி, உதவியாளராக நின்று, சோதனையும் எழுதினாள்.

இந்த முறை ஹைகே சொல்லியிருந்தாள்: சனிக்கிழமை ஒரு குழுவைத் தனியாகப் பிழையில்லாமல் நடத்தினால் ஒப்பந்தம். குளிர்காலம் சறுக்கு, கோடையில் சைக்கிள் பகுதி. முழு வருடம், முழுக்கப் பகல் வேலை. ஆனால் வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் நான் கையெழுத்துப் போட்டால்தான் குழு கிடைக்கும். நான் சும்மா போடுகிறவன் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

அவளுக்கு முதியோர் இல்லம் பிடிக்கவில்லையா என்று கேட்டேன். ஸ்கீ பலகையின் விளிம்பைத் தீட்டிக்கொண்டே சொன்னாள்:

"கிழடுகள் நல்லதுகள் அண்ணை. ஆனா விடிய நான் பஸ்ஸுக்கு நிக்கேக்கை சனமெல்லாம் முகம் கழுவிக்கொண்டு வருது, நான் மட்டும் படுக்கப் போறன். பத்து வருசமா எனக்கு நாளே இல்லை, ராவுதான்."

விழப் பழகுதல்

வெள்ளிக்கிழமை முதல் பாடம் விழுவது. பிள்ளைக்கு முதலில் விழக் காட்ட வேண்டும். பக்கமாக, மெதுவாக, கை உள்ளே. நல்லாய்ச் சறுக்குகிறவனுக்குத்தான் இது வராது.

யோர்க் என்று ஒருவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், எங்களில் மிகப் பழைய ஆள். மாட்டேன் என்றார். தான் கடைசியாக விழுந்தது எப்போது என்றே நினைவில்லையாம். மற்றவர்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். புதுப்பனி. ஒரு சத்தம் இல்லை. தயாளினி விழுந்தவள் எழும்பவில்லை. அப்படியே கிடந்து மேலே பார்த்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் கிடந்தார்கள். சீருடை போட்ட ஒன்பது பேர், கண் இமையில் பனி சேரச் சேர, பேசாமல். எனக்கும் அவசரப்படுத்த மனம் வரவில்லை. நானே அதிசயப்பட்டேன்.

யோர்க் தடியை ஊன்றி நின்றபடி எல்லோரையும் பார்த்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, பக்கவாட்டில் சாய்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பனிக்குள் இருந்து குரல் வந்தது:

"இதை முன்பே ஏன் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை?"

பெரிய பிள்ளைகள்

பிற்பகல் சோதனை. ஒருவர் பயிற்றுநர், மற்றவர்கள் பிள்ளைகள். ஒருத்தன் அழ வேண்டும், ஒருத்தி பனி தின்ன வேண்டும், ஒருத்தன் சலம் முட்டிக் கக்கூசுக்கு நெளிய வேண்டும். அந்தப் பாத்திரத்துக்கு எப்போதும் போட்டி.

எங்கள் சட்டம் ஒன்று. மாயக்கம்பளத்தில் ஏறுமுன் பயிற்றுநர் ஒவ்வொரு தலைக்கவசத்தையும் தொட்டு, சத்தமாக எண்ண வேண்டும். மாயக்கம்பளம் என்பது பிள்ளைகளை நின்றபடியே மேட்டுக்கு ஏற்றுகிற ஓடும் பட்டி. மேலே இறங்கியதும் திரும்ப எண்ண வேண்டும்.

தயாளினியின் முறை வந்தது. அழுத யோர்க்கைச் சமாளித்தாள். சலம் வந்தவனைச் சமாளித்தாள். கம்பளத்தடியில் நின்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஆம் என்பதற்கு எங்கள் "ஓம்" சொல்ல வைத்தாள். ஜெர்மன்காரர் எல்லோரும் சந்தோஷமாக ஓம் சொன்னார்கள். ஆனால் தயாளினி எண்ணவில்லை.

"நீர் ஏன் எண்ணேல்லை?" என்றேன்.

"பிள்ளையளை விரலாலை தொட்டு எண்ணுறேல்லை அண்ணை. கண்ணூறு பட்டிடும்."

எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டிலும் எண்ணமாட்டார்கள். எத்தனை பிள்ளை என்று கேட்டால்கூடப் பேச்சை மாற்றுவார்கள். ஆனால் இது வேறு இடம்.

"காப்புறுதிக்காரனுக்குக் கண்ணூறு விளங்காது, பிள்ளை. எண்ணும்."

"எண்ணுறன். ஆனா பேரையும் கூப்பிடுவன்."

"நேரம் போகும். பின்னாலை வரிசை நிக்கும்."

எண்ணினாள். வேண்டா வெறுப்பாக, தலைகளைத் தொடாமல், காற்றைத் தொட்டு. கையெழுத்துப் போட்டேன். போட்டபிறகும் பேனையை மூட மனமில்லை. தூரத்தில் நின்று பார்த்த ஹைகே வந்து சொன்னாள்:

"நாளை இப்படி வரிசையை நிறுத்தினால் ஒப்பந்தம் கிடையாது, அவளிடம் சொல்."

சொன்னேன். ஒருமுறை.

புகார்

சனிக்கிழமை முழு ஜெர்மனியும் எங்கள் மலையில் நின்றது. பத்து மணிக்குப் புகார் இறங்கியது, மலை முழுக்க மூடுபனி. கை நீட்டினால் கை இல்லை. மஞ்சள் மேலங்கிகள் மட்டும் வெள்ளைக்குள் மிதந்து வந்தன, போயின. ஆட்கள் தெரியவில்லை. சிரிப்பு மட்டும் எங்கிருந்தோ கேட்டது. நான் கம்பளத்தடியில் நின்று, இது மலையா மேகமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

யோர்க்கின் குழு பத்துப் பேர், கொஞ்சம் பழகிய பிள்ளைகள். மேல் மலைக்குப் போகிற இழுவை லிஃப்டுக்குப் புறப்பட்டது. தொட்டு எண்ணினார். பத்து. போனார்கள். தயாளினியின் குழுவும் பத்து, அன்றுதான் முதல்முறை காலில் ஸ்கீ மாட்டிய பிள்ளைகள். எண்ணினாள். பத்து. பிறகு பெயர் கூப்பிடத் தொடங்கினாள். பின்னால் வரிசை முணுமுணுத்தது. ஹைகே புகாருக்குள் இருந்து வெளியே வந்தாள். முகம் சரியில்லை.

"ஏத்தும் பிள்ளை!" என்றேன்.

"ஒரு நிமிசம் அண்ணை. ஓலே? ஓலே!"

ஓம் வரவில்லை. ஆனால் பத்துப் பேர் நின்றார்கள். தலைக்கவசம், கண்ணாடி, கழுத்துத் துணி, மூக்கு நுனி. ஒரு மூக்கு மட்டும் கீழே பார்த்தது. தயாளினி குனிந்து அந்தக் கண்ணாடியைத் தூக்கினாள். ஓலே இல்லை. யோர்க்கின் குழுப் பையன் எமில். அப்படியென்றால் ஓலே யோர்க்கோடு இழுவைக்குப் போயிருக்கிறான்.

நான் வோக்கிடோக்கியை எடுத்தேன். "இழுவையை நிறுத்து!" இயந்திரம் நின்றது. முழு மலையும் மூச்சைப் பிடித்த மாதிரி இருந்தது. ஓலே வரிசையின் முதலாவது ஆளாக, இழுவைக் கம்பியைப் பிடித்தபடி, நிற்பாட்டத் தெரியாத ஓலே, செங்குத்துச் சரிவுக்குப் போகத் தயாராக நின்றான். லிஃப்ட்காரன் தூக்கிக்கொண்டு வந்தான். ஓலேவுக்குக் கோபம்.

ஏன் மாறினீர்கள் என்று எமிலிடம் ஹைகே கேட்டாள். அவன் யோசித்து, நியாயமாகச் சொன்னான்:

"எனக்கு மேலே பயம். அவனுக்குக் கீழே அலுப்பு. நீங்கள் எண்ணத்தானே செய்வீர்கள்."

அலுவலகம்

நாலு மணிக்கு ஹைகே தயாளினியைக் கூப்பிட்டாள். தயாளினி சீருடையைக் கழற்றி, மடித்து, கையில் கொண்டு போனாள். வரிசையை நிறுத்தினாள்தானே. ஹைகே சொன்ன சொல் சொன்னதுதான் என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கதவடியில் நின்றேன். ஒட்டுக் கேட்கவில்லை. கதவு மெல்லியது.

யோர்க் என் பக்கத்தில் வந்து குந்தினார். ஒரு கணக்கு வாத்தியார், சரியாக எண்ணி, பிழையான பிள்ளையைக் கொண்டுபோயிருக்கிறார். "இவ்வளவு வருடத்தில் எத்தனை தாய்மாருக்கு வேறு பிள்ளையைக் கொடுத்தனுப்பியிருப்பேன்?" என்றார். அவர்கள் திருப்பிக் கொண்டுவந்திருப்பார்கள் என்றேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது.

உள்ளே ஹைகேயின் குரல்: "நாளையிலிருந்து எல்லோரும் முதலில் பெயர், பிறகு எண். வரிசை நிற்கட்டும். அந்தச் சீருடையைத் திரும்பப் போடு. இங்கே கையெழுத்து."

தயாளினி வெளியே வந்தாள். பேனை இன்னும் கையில். வெளியே பனி திரும்பத் தொடங்கியிருந்தது, விளக்கடியில் நீலமாக, ஒருவருக்கும் கேட்காமல். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமலே கேட்டாள்:

"அண்ணை, அப்ப இனி நான் ராவிலை நித்திரை கொள்ளலாம், என்ன?"

விடிய ஐந்து மணிக்கு எழும்புகிற தொழிலுக்கு நித்திரையைத் தேடி வந்த ஒரே ஆள் அவள்தான்.