சின்னப் பள்ளிக்கூடத்துக்கு நான் சேர்த்த பிள்ளைகள்

"பத்தொம்பது பிள்ளைக உக்காந்திருக்கிற எடத்துக்குப் பேரு பள்ளிக்கூடமா, பால்வாடியா? பன்னெண்டாப்புப் படிச்சவளுக்கு இது தெரியலையாக்கும்" என்றார் என் நாத்தனார்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மே மாதம் அது. என் மகளை ஒன்றாம் வகுப்பில் எங்கே சேர்ப்பது என்று வீட்டில் பேச்சு. எங்கள் ஊர் திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் இடையில், பஸ் ரோட்டிலிருந்து இரண்டு மைல் உள்ளே இருக்கிறது. ஊருக்குள்ளேயே ஒரு தொடக்கப்பள்ளி உண்டு. ஒரே கூடம், இரண்டு டீச்சர்கள், ஐந்து வகுப்புக்கும் சேர்த்துப் பத்தொன்பது பிள்ளைகள். ரோட்டு மேல் இருக்கும் பெரிய ஊரில் இன்னொரு அரசுப் பள்ளி. அங்கே வகுப்புக்கு ஒரு அறை, அறைக்கு அறுபது பிள்ளைகள். நாத்தனாரின் பையன்கள் அங்கேதான் படித்தார்கள்.

எனக்குச் சின்னப் பள்ளிதான் வேண்டும். அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் நான். எண்பதுகளில் நான் படித்தது பெரிய பள்ளி. ஒன்றாம் வகுப்பில் எழுபது பேருக்கு மேல் இருந்தோம். எனக்குக் கடைசி வரிசை. டீச்சர் வாசிக்கச் சொன்னால் எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள், நான் உதட்டை மட்டும் அசைப்பேன். இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது என்பது மூன்றாம் வகுப்பில்தான் வெளியே வந்தது. வீட்டில் கேட்டுச் சொல்ல ஆள் இல்லை. அதற்குப் பிறகு கடையில் சாமான் மடித்துக் கொடுத்த தாள்களை வைத்து நானாகப் படித்து மேலே வந்தேன். பன்னிரண்டாம் வகுப்புத் தேறினேன். அந்தக் கர்வம் எனக்கு இப்போதும் உண்டு. ஆனால் என் மகள் அப்படித் தட்டுத்தடுமாறி மேலே வரக் கூடாது. டீச்சரின் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் அவள் உட்கார வேண்டும் என்று நினைத்தேன்.

அந்த வாரமே எங்கள் ஊர்ப் பள்ளியின் தலைமை ஆசிரியை வீட்டுக்கு வந்தார். ஊரில் அவருக்குப் பெரிய டீச்சர் என்று பேர். இன்னொருவர் சின்ன டீச்சர், அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர், ஒன்றாம் இரண்டாம் வகுப்புகளை எடுப்பவர்.

"ஏம்மா, பிள்ளைக நம்பர் கொறைஞ்சா ரெண்டாவது டீச்சர் போஸ்ட்டை எடுத்துருவாக. அப்பறம் அஞ்சு கிளாஸையும் நான் ஒருத்திதான் மேய்க்கணும். ஒம் பிள்ளையச் சேத்துட்டு எங்கூடக் கொஞ்சம் வீடுவீடா வாயேன். படிச்ச பிள்ள நீ சொன்னா சனங்க கேக்கும்" என்றார்.

படித்த பிள்ளை என்று அவர் சொன்னதில் எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. மறுநாளே ஒரு குடைக்குள் இரண்டு பேரும் கிளம்பிவிட்டோம். மூன்று நாள், கருவேலங்காட்டு வெயிலில்.

"ஏத்தா, ஒனக்கும் கவர்மெண்டுல சம்பளம் போட்டுட்டாகளா?" என்று ஒரு வீட்டில் கேலி. இன்னொரு வீட்டில், "பெரிய பள்ளிக்கு ரெண்டு மைலு நடக்கிற பிள்ள கால எதுக்கு முடக்கிப் போடுற?" என்றார்கள். நான் விடவில்லை. அறுபதில் ஒன்றாகப் போனால் பிள்ளை தொலைந்துபோகும், இங்கே ஒன்றாம் வகுப்புக்கென்றே சின்ன டீச்சர் இருக்கிறார் என்று என் கதையையே சொன்னேன். பெரிய டீச்சர் பக்கத்தில் நின்று, "ஆமா, ஆமா" என்று தலையாட்டினார்.

பிள்ளைக்கு ஐந்து வயது ஆகிவிட்டதா என்று பார்க்க வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொல்வது வழக்கம். இரண்டு பிள்ளைகளுக்கு விரல் எட்டவில்லை. அதில் ஒருத்தி என் மகள். "தலையக் கொஞ்சம் சாய்க்கச் சொல்லு" என்றார் பெரிய டீச்சர். சாய்த்துவிட்டேன். இரண்டு பேருக்கும் விரல் எட்டியது. என் மகளோடு சேர்த்து எட்டுப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தார்கள்.

ஜூனில் பள்ளி திறந்தது. சின்ன டீச்சரைக் காணோம்.

"டிரெயினிங் போயிருக்கு, வந்துரும்" என்றார் பெரிய டீச்சர். அடிபம்பில் தண்ணீர் பிடிக்கும்போது அம்மாக்கள் கேட்டார்கள். நானும் டிரெயினிங் என்றே சொன்னேன், என்னவோ அவர் என் வீட்டில் சொல்லிவிட்டுப் போனது போல.

ஜூலையில் ஒரு நாள் மண்ணெண்ணெய் வாங்க ரோட்டு ஊருக்குப் போனேன். பெரிய பள்ளியைத் தாண்டும்போது தெரிந்த குரல் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சின்ன டீச்சர், கையில் சாக்பீஸோடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வராந்தாவுக்கு வந்தார்.

"டிரெயினிங் முடிஞ்சிருச்சா டீச்சர்?" என்று கேட்டேன்.

"என்ன டிரெயினிங்க்கா? என்னைய மாத்துப் பணிக்கு இங்க போட்டுட்டாங்க. சம்பளம் உங்க ஊர்க் கணக்குல, வேல இங்க. நான்தான் கேட்டு வாங்குனேன். அந்த ரெண்டு மைலு எனக்கு முடியலக்கா."

"எப்ப ஆர்டர் வந்துச்சு?"

"ஏப்ரல் கடைசியிலேயே வந்துருச்சு. பெரிய டீச்சர் கையெழுத்துப் போட்டுத்தானே என்னைய அனுப்புனாங்க!" அவர் முகத்தில் கள்ளம் இல்லை. எனக்குத் தெரியும் என்றே நினைத்திருக்கிறார்.

ஏப்ரல். நாங்கள் குடை பிடித்து நடந்தது மே மாதத்தில். வீட்டுக்கு வீடு நான் சின்ன டீச்சரின் பெயரைச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் நின்று தலையாட்டியவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எண்ணெய் வாங்காமல் காலி கேனோடு திரும்பினேன்.

வந்ததும் மகளைக் கூப்பிட்டுப் பலகையில் நான்கு எழுத்து எழுதி வாசிக்கச் சொன்னேன். அவள் என் வாயைப் பார்த்தாள். நான் சொல்லப்போவதைக் கூடச் சேர்ந்து சொல்வதற்காக உதட்டைக் குவித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஆறு வாரமாக ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுதிக் கொடுத்த 'அ' மேலேயே சுற்றிச் சுற்றி எழுதியிருக்கிறாள். கூடத்தில் முப்பது பேர்கூட இல்லை. அதிலும் அவள் தொலைந்துபோயிருந்தாள்.

சாயங்காலம் பெரிய டீச்சரிடம் கேட்டேன். அவர் மறுக்கவில்லை.

"போஸ்ட்டு இருந்தாத்தான் என்னைக்காச்சும் ஆளு வரும் தாயி. நம்பர் இல்லாமப் போஸ்ட்டு ஏது?"

"அத எங்கிட்ட அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல டீச்சர்?"

"சொல்லிருந்தா நீ எங்கூட வந்திருப்பியா?"

வந்திருக்க மாட்டேன். அதனால்தான் சொல்லவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது என் படிப்பு இல்லை, என் வாய்.

மறுநாள் காலையில் ஏழு வீட்டுக்கும் நானே போய்ச் சொன்னேன். யாரும் சத்தம் போடவில்லை. ஒருத்தி மட்டும் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டே, "டீச்சரவா நாங்க நம்புனோம்? ஒன்னையில்ல நம்புனோம்" என்றாள். நாத்தனாரிடம் போய் நின்றதுதான் அதைவிடக் கஷ்டம். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அங்கயும் அறுபதுல ஒன்னுதான், பாத்துக்க. ஆனா கேக்குறதுக்கு ஒரு டீச்சராச்சும் நிக்கிது" என்றார்.

அதைத்தான் நானும் எடை போட்டுப் பார்த்தேன். சின்னது, பெரியது என்று தலையை எண்ணிய நான், யார் நின்று சொல்லிக் கொடுக்கப் போகிறார்கள் என்று என் கண்ணால் பார்க்கவில்லை. மூன்று வீட்டில் பிள்ளையால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்று ஊர்ப் பள்ளியிலேயே விட்டார்கள். மற்ற ஐந்து பிள்ளைகளையும் முறை வைத்து நாங்களே ரோட்டு ஊர்ப் பள்ளிக்கு அழைத்துப் போவது என்று முடிவானது. ஐந்து பேருக்கும் டி.சி. கேட்டு நானே எழுதினேன். நான்கில் கைநாட்டு, ஒன்றில் என் கையெழுத்து.

பெரிய டீச்சர் ஒவ்வொன்றாக வாசித்தார். "காரணம்னு இருக்கிற எடத்துல குடிபெயர்ந்து போறதா எழுதிருக்கலாம்ல? இப்பிடியா எழுதுவாக?" என்றார். 'ஒன்றாம் வகுப்புக்கு ஆசிரியர் இல்லை' என்று ஐந்திலும் எழுதியிருந்தேன்.

"இது வெளிய போனா போஸ்ட்டே போயிரும் தாயி. ஒரு வாரம் பொறு, வேற மாதிரி எழுதிக்குவோம்" என்று தாள்களை என் பக்கமே தள்ளினார்.

அதே ஐந்து தாள்களின் நகலை முந்தின நாளே பஸ் ஏறிப் போய் நரிக்குடியில் கல்வி அதிகாரி அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வந்திருந்தேன்.