மலரக்காவின் பானைச் சாத்திரம்

புதுப் பானை கேட்டால் மலரக்கா என்கிற தவமலர் உடனே எடுத்துக் கொடுப்பதில்லை. போட்டிருக்கும் கம்பளிக் கார்டிகனின் கையால் அதைத் துடைத்தபடி, கேட்டவரை மேலும் கீழும் பார்ப்பார். "எங்கை வீடு வாங்கியிருக்கிறியள்?" என்பார். வந்தவர் வாயைப் பிளப்பார். சொந்தத் தம்பிக்குக்கூடச் சொல்லாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்த செய்தியாயிற்றே!

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்தார் எங்கே போனாலும், வீடு குடிபூரும் நாளில் புதுப் பானையில் பால் பொங்கியாக வேண்டும். லண்டனின் மனோர் பார்க்கில் அந்தப் பானைக்கு எல்லாரும் மலரக்கா கடைக்குத்தான் வருவார்கள்.

எண்பத்தைந்தில் கடை திறந்தபோது பானை வாங்க ஆளில்லை. ஓர் அறைக்குள் கலியாணமாகாத நாலைந்து இளம் பெடியள், ஷிப்ட் மாறிப் படுக்கிற கட்டில், கறிக்கு டப்பாவில் அடைத்து வரும் ரின்மீன். பிறகு ஒருவருக்கு இரண்டு வேலையானது, மனைவிமார் வந்து சேர்ந்தார்கள், அடுத்த தெருவிலேயே வீடுகள் வாங்கினார்கள். அப்போதெல்லாம் பானை வாங்கியவருக்குப் பால் இனாம். அக்காவே போய், பொங்கி வழிவதைப் பார்த்துக் கைதட்டிவிட்டு வருவார்.

ஆட்கள் நிமிர்ந்ததை அளக்க அவரிடம் வேறு வழியும் உண்டு. ஒருநாள் பழைய வாடிக்கைக்காரர் யோகலிங்கம், டொக்டர் தடுத்துவிட்டாரென்று சீனி வேண்டாமென்றார்.

"சீனி வருத்தமோ? அப்ப அண்ணை வசதியாப் போனியள்! ரின்மீன் திண்ட காலத்தில ஒரு வருத்தமும் வரேல்லையே."

யோகலிங்கத்துக்குக் கோபம் வரவில்லை. உள்ளூரப் பெருமைதான்.

இப்போது, தொண்ணூற்றேழில், பானை கட்சி மாறிவிட்டது. வாங்குகிற எல்லாரும் லண்டனின் மறுகோடியிலுள்ள ஹரோ என்கிறார்கள். தோட்டமுள்ள வீடாம், நல்ல பள்ளிக்கூடமாம். அவர்கள் விட்டுப்போன அறைகளுக்குப் புதுப் பெடியளும் சோமாலியக் குடும்பங்களும் வந்துவிட்டார்கள். வியாபாரம் குறையவில்லை, பேச்சுத்தான் குறைந்துவிட்டது. "ஹரோவில குளிர் கூடவாம், பைப்பெல்லாம் உறையுதாம்" என்று அக்கா ஒரு கதையைக் கிளப்பிப் பார்த்தார். ஒருவரும் மசியவில்லை.

போகிறவர்கள் போகட்டும், சிவகௌரி இருக்கிறாளே என்று மனதைத் தேற்றிக்கொண்டார். பின்னேரங்களில், பிள்ளைகளைப் பள்ளியால் கூட்டிவரப் போகுமுன், சிவகௌரி கடை ஸ்டூலில் வந்து குந்துவாள். பிறகென்ன, ஊரில் ஒருவர் மிச்சமில்லாமல் உரித்துத் தொங்கவிட்டு இருவரும் வயிறு நோகச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகவே மலரக்கா கடை திறக்கிறார் என்றால் பொய்யில்லை.

போன வியாழக்கிழமை சிவகௌரி குந்தவில்லை. கற்பூரம் எடுத்தாள். பால் எடுத்தாள். ஒன்றுக்கும் உதவாத ஊறுகாய்ப் போத்தல் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அக்காவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"அக்கா, மேல்தட்டில இருக்கிற அந்தப் பானை..."

"அது ஓட்டை."

"புதுப் பானையக்கா!"

"ஓட்டை எண்டுறன். உனக்கு விக்க ஏலாது."

"இவர்தான் அக்கா, ஹரோவில ஒரு வீடு..."

மலரக்கா அதைக் காதில் வாங்கவேயில்லை. பானையை இறக்கினார், கடைப் பின்பக்கக் குழாயில் பாதிக்குத் தண்ணீர் பிடித்தார், விளிம்பைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார். மற்றக் கையைப் பானைக்கு அடியில் ஏந்திக்கொண்டு, ஒரு சொட்டாவது விழாதா என்று பார்த்துக்கொண்டே நின்றார்.