லீமாவிலிருந்து சந்தியாகோ

தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லி, ஒரு பெண்ணை அவளது அண்ணனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவிடாமல் செய்தவன் நான்.

மொன்றியலில் என் மேல்வீட்டில் இருக்கும் றீற்றா, சிலியின் தலைநகர் சந்தியாகோவில் இறந்த அண்ணனின் அடக்கத்துக்குப் புறப்பட்டாள். வழியில் பெரு நாட்டின் லீமாவில் இறங்கித்தான் அடுத்த டிக்கெட் எடுக்க வேண்டும்.

"மாஸ்டர், லீமாவிலயிருந்து சந்தியாகோவுக்கு எவ்வளவு நேரம்?"

ஊரில் புவியியல் படிப்பித்தவனுக்குத் தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. சுவரில் இருந்த உலகப்படத்தை விரலால் அளந்தேன்.

"ஒரு மணித்தியாலம், பிள்ளை."

அதை நம்பி அடக்க நேரத்தைக் குறிக்கும்படி அங்கிருந்த உறவினரிடம் சொன்னாள். பறப்பு மூன்றரை மணித்தியாலம்; அதுவரை அடக்கத்தைத் தள்ளிவைக்க அவர்களால் முடியவில்லை. அங்கிருந்து அழைத்தாள்.

"மண் மூடியாச்சு, மாஸ்டர்."



அவள் திரும்பியதும் படியேறிப் போய் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"தெரியாதெண்டு சொல்லியிருந்தா வேற ஆரையும் கேட்டிருப்பனே," என்றாள்.

தேநீர் தந்தாள். ஆனால் அன்றிலிருந்து என்னை ஐயா என்றுதான் கூப்பிடுகிறாள், மாஸ்டர் என்பதில்லை.