சத்தம் போடாத வண்டி

சவூதியில், தம்மாமில் நான் வேலை பார்த்த இரும்புப் பட்டறையை மூடிவிட்டார்கள். ஊருக்கு வந்தவன், வந்த நாளிலிருந்தே திரும்பிப் போவதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். இராமநாதபுரத்தில் மெயின் ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகையைப் பிடித்து வெல்டிங் பட்டறை போட்டிருந்தேன். ஜன்னல் கம்பி, கேட், மீன் கடைக்காரர்களுக்கு ஐஸ் பெட்டி வைக்கிற ஸ்டாண்டு என்று வேலை வந்துகொண்டுதான் இருந்தது. எனக்குத்தான் மனம் அதில் நிற்கவில்லை. ஒரு கேட்டை அளந்துகொண்டிருக்கும்போதே டேப்பைக் கீழே போட்டுவிட்டுப் போனை எடுத்து, கத்தாரில் இருக்கும் கூட்டாளியிடம், "விசா ஏதாச்சும் தெம்படுதா?" என்று கேட்பேன். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து வாசல்வரை போய் வருவேன். கொண்டுவந்த பெட்டியை நான் பிரித்து அடுக்கவே இல்லை. அதிலிருந்தே சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்வேன், துவைத்து வந்ததும் அதிலேயே மடித்து வைப்பேன்.

என் மனைவி வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறாள். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு பர்தாவும் பிளவுசும் தைப்பாள். ஒரு நாள் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்க வீட்ல இருக்கீகளா, ஏர்போர்ட்ல இருக்கீகளா?"

பட்டறையில் வேலை கிடக்கிறது என்று கிளம்பிவிட்டேன்.

கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதம் அது. கொட்டகையின் தகரம் நாள் முழுக்கக் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு முற்பகலில் ஒரு வேன் வந்து நின்றது. தொப்பி போட்ட ஒரு பெண் இறங்கினாள். முப்பது வயது இருக்கலாம். தனுஷ்கோடியில் சினிமா ஷூட்டிங் நடக்கிறது என்றும், அதில் தான் சவுண்டு ரெக்கார்டிஸ்ட் என்றும் சொன்னாள். வேனுக்குள்ளிருந்து இரண்டு பேர் ஒரு தள்ளுவண்டியை இறக்கினார்கள். இரண்டு தட்டு, நாலு சின்னச் சக்கரம். வெளிநாட்டுச் சாமான் என்று பார்த்ததுமே தெரிந்தது. அச்சு வளைந்து, ஒரு சக்கரம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"இது மேலதான் பாய் என் மிக்சர், ரிசீவர், பேட்டரி எல்லாம் இருக்கும். பேசுறவங்க குரலை அங்கேயே பதிவு பண்றோம், லைவ் சவுண்டு. ஷூட்டிங் முழுக்க நான் இது பக்கத்துலயேதான் நிப்பேன். ஸ்டூடியோ தரையில நல்லா ஓடுச்சு. இங்க மணல்ல இறக்கினோம், அவ்வளவுதான். பல்லக்கு மாதிரி தூக்கிட்டு அலையறோம்."

சக்கரங்களைச் சுற்றிப் பார்த்தேன். உள்ளே மணலும் உப்பும் அப்பிக் கிடந்தன. "இத நிமித்தித் தந்தாலும் நாளைக்குத் திரும்ப வருவீக," என்றேன். "புதுசாவே ஒன்னு செஞ்சு தாரேன்."

அதை ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. வாய் முந்திக்கொண்டது.

அவள் இரண்டு விரலை நீட்டினாள். "ரெண்டு விஷயம் பாய். மணல்ல ஓடணும். சத்தம் வரக் கூடாது."

"என்ன சத்தம்?"

"எந்தச் சத்தமும்."

இரும்பை வெட்டியும் தட்டியும் பிழைத்தவன் நான். சத்தம் இல்லாமல் ஒரு பொருள் செய் என்று அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. துருப்பிடிக்காத எஸ்.எஸ். பைப்பில் சட்டம் கட்டினேன். சக்கரத்துக்குப் பழைய ஸ்கூட்டர் டயர்களை வாங்கிவந்து, காற்றைப் பாதிதான் அடித்தேன். டயர் தொளதொளவென்று இருந்தால் மணலில் புதையாமல் அமர்ந்து போகும். அது சரியாக வந்தது. சத்தம்தான் வழிக்கு வரவில்லை. தள்ளினால் தட்டு அதிர்ந்தது, தட்டை இறுக்கினால் கைப்பிடி முனகியது. அறுத்து எடுத்தேன், மறுபடி ஒட்டினேன், மறுபடி அறுத்தேன். கோபத்தில் ஒரு தட்டைத் தூக்கி வெளியே எறிந்தேன். அது உருண்டுபோய் டீக்கடை வாசலில் விழுந்தது.

எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த மனைவி அதைப் பொறுக்கி எடுத்துவந்து, "என்னத்துக்கு இம்புட்டுக் கோவம்?" என்றாள். சொன்னேன். அவள் வண்டியை ஒருமுறை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தாள்.

"பீங்கான் தட்டெல்லாம் ஒன்னோட ஒன்னு இடிக்காம எப்படி அடுக்குறோம்? நடுவுல துணி வச்சுத்தான? இதுக்கும் அளவு குடுங்க, தச்சுத் தாரேன்."

அவள் பஞ்சு வைத்துத் தைத்த கெட்டித் துணியைத் தட்டுகளில் விரித்தோம். இரும்பும் இரும்பும் சேருமிடத்தில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினேன். எதற்கும் இருக்கட்டும் என்று வண்டி முழுவதையும் மூடும்படி தார்ப்பாயில் ஒரு உறையும் தைத்தாள். அரிசி மூட்டையை ஏற்றிக் கடற்கரையில் தள்ளிப் பார்த்தோம். வண்டி பூனை மாதிரி போனது. நான் கூட்டாளிக்குப் போன் போட்டு நாளாகிவிட்டது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உடனே போட்டேன். அவன் எடுக்கவில்லை.

விடிந்ததும் வண்டியை ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பாம்பன் பாலம் தாண்டி தனுஷ்கோடிக்குப் போனேன். அந்தப் பெண் வண்டியைத் தள்ளிப் பார்த்தாள், குலுக்கிப் பார்த்தாள், தட்டில் காதை வைத்துக் கேட்டாள். பிறகு தன் கருவிகளை ஒவ்வொன்றாக அதில் ஏற்றினாள். "இன்னைக்கு ஒருநாள் கூட இருங்க பாய். ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பாக்கணும்."

லைட் போடுகிறவர்கள் பெரிய பெரிய விளக்குகளைத் தோளில் சுமந்து மணலில் நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர்போல் இருந்த, தலையில் துண்டு கட்டிய பருத்த ஆள், வண்டியைப் பார்த்துச் சிரித்தார். "என்ன பாய், ஐஸ் வண்டியா? எனக்கு ஒரு சேமியா ஐஸ் குடுங்க." அவர் ஆட்களும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

காட்சி இதுதான்: இடிந்த சுவர் ஓரம் ஒரு பெண் நின்று, வெளிநாட்டில் இருக்கும் கணவனோடு போனில் பேசுகிறாள். மெதுவாகப் பேசி, பேச்சை முடிக்காமலே அழ வேண்டும். நடிக்கிற பெண் அப்படி அழுதாள். கூட்டம் மூச்சு விடாமல் நின்றது. அப்போது சவுண்டுப் பெண் கையைத் தூக்கினாள்.

"ஒரு சத்தம் வருது. டக், டக்னு."

மறுபடி எடுத்தார்கள். மறுபடி கையைத் தூக்கினாள். எல்லார் கண்ணும் என் வண்டி மேல் திரும்பியது. நான் மணலில் முட்டி போட்டு ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. உதவி இயக்குநர் ஓடிவந்து, "மேடம், டப்பிங்ல பாத்துக்கலாம். வெயில் ஏறுது," என்றார்.

"இப்ப அழுத மாதிரி அவங்க டப்பிங் தியேட்டர்ல அழுவாங்களா?" என்று கேட்டாள் இவள். அவர் மறுபடி எடுக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டுப் போனார்.

மூன்றாவது முறையும் அதே சத்தம். இந்த முறை அவள், நீளக் கம்பியில் மைக்கைப் பிடித்திருந்த உதவியாளிடம் அதைச் சுற்றித் திருப்பச் சொன்னாள். ஹெட்ஃபோனைக் கையால் அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டாள். மைக் சுவரைத் தாண்டியது, ஜெனரேட்டர் பக்கம் போனது, வண்டியைத் தாண்டியது, என் முன்னால் வந்து நின்றது.

அவள் கண்ணைத் திறந்தாள். "பாய், அது நீங்க."

குனிந்து பார்த்தேன். என் கையில் அளவு டேப் இருந்தது. அதை விரலளவு இழுப்பதும் விடுவதுமாக இருந்திருக்கிறேன். எடுத்ததும் தெரியாது, இழுத்ததும் தெரியாது. மொத்த யூனிட்டும் சிரித்தது. துண்டு கட்டிய லைட்மேன் மணலில் உட்கார்ந்தே சிரித்தார். எனக்கு எங்காவது கடலில் போய் விழலாம் போலிருந்தது.

அவள் டேப்பை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். வெயிலுக்கு வண்டி மேல் விரித்திருந்த குடையைக் காட்டி, "ரெண்டு கையாலயும் இதைப் பிடிச்சுட்டு நில்லுங்க," என்று சொல்லி, இன்னொரு ஹெட்ஃபோனை என் காதில் மாட்டிவிட்டாள்.

நடிக்கிற பெண் மறுபடி போனில் பேசினாள். அத்தனை தூரத்தில் நிற்கிறவளின் குரல் என் காதுக்குள் இருந்தது. எச்சில் விழுங்குவதும், சொல்ல வந்ததை நிறுத்துவதும் கேட்டன. தம்மாமில் இருந்த வருடங்களில் என் மனைவியின் குரலை இப்படித்தான் கேட்டிருந்தேன். அப்போது அவள் இருமினால்கூட என்ன ஏதென்று கேட்பேன். இப்போது ஒரே வீட்டில் இருக்கிறோம். காலையில் அவள் என்ன சொன்னாள் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. இது எனக்கு நிம்மதியைத் தரவில்லை. உடனே வீட்டுக்குப் போக வேண்டும் என்று பதறியது. ஆனால் குடையை விட முடியாது.

மத்தியானத்துக்கு மேல் காற்று வெறிகொண்டது. ஆண் கடல் பக்கம், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், அலை மணல்மேட்டைத் தாண்டி வர, தண்ணீர் மணலில் பரவத் தொடங்கியது. முதலில் பாதம் நனைந்தது. யாரோ, "ஏலே, லைட்டத் தூக்குங்கலே!" என்று கத்தினார்கள். அதற்குள் தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது. ஒரு விளக்கு ஸ்டாண்டோடு சாய்ந்து தண்ணீரில் விழுந்தது. ஆட்கள் சாமான்களைத் தோளில் போட்டுக்கொண்டு தார் ரோட்டைப் பார்த்து ஓடினார்கள்.

சவுண்டுப் பெண் வண்டியை விட்டு நகரவில்லை. நான் தார்ப்பாய் உறையை இழுத்து மூடிக் கட்டினேன். இருவரும் தள்ளினோம். முழங்கால் ஆழத்தில் வண்டி லேசாக மிதக்க ஆரம்பித்தது. காற்று அடைத்த டயர்கள் அல்லவா? தள்ளுவது சுலபமாகிவிட்டது, பிடிப்பதுதான் கஷ்டமாகிவிட்டது. ஒரு அலை வந்து வண்டியைப் பக்கவாட்டில் தூக்கியது. என் கை வழுக்கியது. "பிடிங்க பாய்!" என்று அவள் அலறினாள்.

முன்னால் போய்க்கொண்டிருந்த அந்தப் பருத்த லைட்மேன் திரும்பிப் பார்த்தார். தோளிலிருந்த ஸ்டாண்டை அப்படியே போட்டுவிட்டுத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து வண்டியின் மறுபக்கத்தைத் தன் நெஞ்சால் தாங்கினார். மூவரும் இழுத்துத் தார் ரோட்டில் ஏற்றினோம்.

உறையைப் பிரித்தோம். உள்ளே துணி காய்ந்தே இருந்தது. அவள் ஹெட்ஃபோனை மாட்டி, காலையில் பதிந்ததை ஓடவிட்டுக் கேட்டாள். கேட்டுக்கொண்டே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். லைட்மேன் துண்டைப் பிழிந்தார். அவருடைய விளக்குகளில் ஒன்று போய்விட்டிருந்தது.

"பாய், எங்களுக்கும் ஒன்னு செஞ்சு தாங்க," என்றார். "தோள்ல தூக்கித் தூக்கிக் கழுத்து திரும்ப மாட்டேங்குது."

அந்த வண்டி பாதி ஆகியிருக்கும்போதுதான் கூட்டாளி போன் செய்தான். விசா வந்துவிட்டது, பெரிய கம்பெனி, உடனே விசாவுக்கான மெடிக்கல் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்றான். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். ஊசியில் நூல் கோர்த்து முடித்த பிறகுதான் பேசினாள்.

"போறதுன்னா போங்க. நான் மறிக்கல. ஆனா ஒன்னு சொல்றேன். நீங்க வந்ததுல இருந்து நான் விருந்தாளிக்கு ஆக்குற மாதிரிதான் ஆக்கிப் போடுறேன். நீங்க எப்பக் கெளம்புவீகன்னு பயந்து பயந்து. ஒன்னு போங்க, இல்லாட்டி இருங்க. ரெண்டுக்கும் நடுவுல என்னை நிக்க வைக்காதீக."

எதிரே உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை, எழுந்தேன். "லைட்டு வண்டி பாதில கெடக்கு," என்றேன்.

"அப்ப அத முடிங்க."

முடித்தேன். கனமான விளக்குகளுக்கென்று அகலமான தளமும், பள்ளத்தில் ஓடிவிடாமல் பிடிக்கக் கால் பிரேக்கும் வைத்தேன். அதற்குள் மெடிக்கலுக்குச் சொன்ன நாள் தாண்டிப் போயிருந்தது. கூட்டாளி கண்டபடி ஏசினான். சரியாகத்தான் செய்தோமா என்று இன்றைக்கும் சில நாள் தோன்றும். ஆனால் பெட்டியைப் பிரித்து அலமாரியில் அடுக்கியாயிற்று. அவள்தான் அடுக்கினாள், நான் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு யூனிட்டில் பார்த்தவர்கள் இன்னொரு யூனிட்டில் சொன்னார்கள். இப்போது பட்டறையில் பாதி வேலை சினிமா வண்டிதான். உப்பளத்துக்கு ஒரு மாதிரி, மலைப் பாதைக்கு ஒரு மாதிரி. வண்டியோடு நானும் போய் நாலு நாள் இருந்து பார்த்துவிட்டு வருவேன். ஓரிடத்தில் நிற்காத காலுக்கு இது தோதாக அமைந்தது. நிம்மதி வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். போகிறேன், திரும்பி வருகிறேன், அவ்வளவுதான்.

போன வாரம் அதே லைட்மேன் கூப்பிட்டார். காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் ஷூட்டிங், சேற்றில் விளக்கைக் கொண்டுபோக ஏதாவது வேண்டும் என்றார். சேற்றில் சக்கரமே சுற்றாது. அதனால் சக்கரத்தை விட்டுவிட்டு, அடி தட்டையாகப் படகுபோல ஒரு சறுக்குப் பலகை செய்தேன். சோதித்துப் பார்க்கக் கிளம்பியபோது மனைவி, "நானும் வாரேன். இம்புட்டுப் பக்கத்துல இருந்தும் நான் அந்தக் காட்டப் பாத்ததில்ல," என்றாள்.

காட்டோரம் கடல் வற்றிக் கிடந்தது. பலகையைச் சேற்றில் போட்டுக் கயிற்றைத் தோளில் மாட்டினேன். பாரத்துக்கு வைக்க எடுத்து வைத்திருந்த மணல் மூட்டையைத் தேடினேன். பட்டறையிலேயே மறந்து வைத்துவிட்டேன் போல.

"இதுக்குப் போயி முழிக்கிறீக," என்றாள். செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு, பர்தாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பலகையின் நடுவில் போய் உட்கார்ந்தாள். ஓரத்தை இரண்டு கையாலும் கெட்டியாகப் பற்றிக்கொண்டாள்.

"ம், இழுங்க," என்றாள்.