இலகுவானது என்று சொன்னேன்

மல்லாவிச் சந்தைக்குப் பக்கத்துத் தேநீர்க்கடையில், கமக்காரர் சிலரின் சட்டைப் பைகளுக்குள் கைத்தொலைபேசிகள் ஒன்றாக ஒலித்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “நாளைக்கு எங்கட வாய்க்காலுக்குத் தண்ணி விடுறாங்களாம்” என்று ஒருவர் வாசித்துச் சொன்னார். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அந்தச் செய்தியை அனுப்பியது என் பெரியம்மாவின் மகள் எழுதிய புரோகிராம். குளத்துத் தண்ணீர் எந்த வாய்க்காலுக்கு எப்போது திறக்கப்படும் என்பதை அந்தந்த வயல்காரருக்கு அது தானாகவே அறிவிக்கும். அதற்கு முன்பெல்லாம் முறை தெரியாமல் வரம்பிலே காவல் நின்று சண்டை பிடித்தவர்கள் அவர்கள்.

அந்த அக்கா யுத்தத்தின் கடைசி நாட்களில் வலது கையை இழந்தவர். நான் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, தனக்கும் புரோகிராமிங் படிக்க ஆசை என்றார். “பைதன் படியுங்கோ அக்கா. இலகுவான மொழி. கனக்கத் தட்டத் தேவையில்லை” என்றேன். ஒற்றைக் கையை நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன். நான் பக்கம் பக்கமாக ஜாவா என்ற இன்னொரு கணினி மொழியோடு மல்லுக்கட்டியபோது அவர் சில வரிகளில் வேலையை முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

பிறகு வவுனியாவில் ஒரு கொழும்பு நிறுவனம் ஆள் எடுத்தது. இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம். எங்களை ஒன்றாகவே உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். அக்கா தன் புரோகிராமை விளக்கி முடித்ததும், கேட்டவர் மென்மையாகச் சொன்னார்: “பைதன் பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கும் படிப்பிக்கிறதுதானே. வேற ஏதும் தெரியுமோ?”

“இதைப் பாத்துத்தான் ஐயா சனம் வயலுக்குப் போகுது” என்றார் அக்கா.

கேள்வி கேட்டவர் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் காட்டியது பரீட்சைக்காக ஜாவாவில் எழுதிய நூலகப் புரோகிராம். எந்த நூலகமும் அதைப் பாவித்ததில்லை. வேலை எனக்குக் கிடைத்தது. திரும்பும்போது அக்கா பஸ்ஸில் எனக்கு யன்னல் கரையை விட்டுத் தந்தார். வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த வருடம் முழுவதும் அவர் ஜாவா படித்தார். நான் விடுமுறையில் போனபோது இடது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. “இவ்வளவு எழுத்தும் ஒரு கைக்கு அதிகமடா தம்பி” என்றார். குறை சொல்லும் குரல் அல்ல அது. இலகுவானது என்று நான் அன்று சொல்லாமல் விட்டிருந்தால் அந்த வருடம் அவருக்கு மிஞ்சியிருக்குமோ என்று இன்றும் யோசிக்கிறேன். இலகுவானதைச் சின்னதென்று நினைத்தவர்கள் வேறு யாரோ. ஆனால் அந்த நினைப்பால் நன்மை பெற்றவன் நான்.

போன மாதம் அக்காவுக்குக் கிளிநொச்சியில் வேலை கிடைத்தது. முதல் நாள் மாலையே அழைத்தார். “ஜாவா தெரியுமோ எண்டு கேட்டுத்தான் எடுத்தவை. இப்ப பைதன் வேலை தந்திருக்கினம்” என்று சிரித்தார். பிறகு கேட்டார்: “நீ அங்க இப்ப எதில எழுதுறாய்?”

சொல்லாமல் இருக்க முடியவில்லை. “பைதனிலதான் அக்கா. சேர்ந்த நாளில இருந்து.”



“சரி தம்பி, வைக்கிறன். கை நோகுது, எண்ணெய் பூச வேணும்” என்றார்.