கன்னத்துக்குப் போன நெற்றி

ஏலச்செடியின் தூரில்தான் காய் இருக்கும். குத்தவைத்துக் காய் எடுக்கும்போது அட்டை கணுக்காலில் ஏறிவிடும். அதன்மேல் புகையிலைச் சாற்றைப் புளிச்சென்று துப்பினால் சுருண்டு விழும். அதனால் காய் எடுக்க மலையேறும் ஜீப்பு போடிமெட்டைத் தாண்டி நின்றதுமே எங்கள் பெண்கள் எல்லோருடைய கன்னமும் ஒரு பக்கம் உப்பிவிடும். எனக்கு இடது பக்கம்.

எழுபதுகளின் நடுவில், எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தபோது, அந்த இடது கன்னத்துக்குள் ஒரு புண் வந்தது. சுண்ணாம்பு சுட்டிருக்கும் என்றார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். வெற்றிலை போடுகிற வாய்க்குச் சுண்ணாம்பு சுடுவது சளி பிடிப்பது மாதிரி, யார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? தேங்காய் எண்ணெய் தடவினேன். மணத்தக்காளிக் கீரை தின்றேன். புகையிலையை வலது கன்னத்துக்கு மாற்றிக்கொண்டேன். என்னைப் போல ஒரு மடச்சி அந்த மலையிலேயே இருந்திருக்க மாட்டாள்.

ஏழு மாதம் போனது. வாய் இரண்டு விரல் நுழையும் அளவுக்குமேல் திறக்கவில்லை. தாடைக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் நெறி கட்டியது. போடியில் பார்த்த டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்து மதுரைக்குப் போகச் சொன்னார். நானும் என் வீட்டுக்காரரும் ரயிலேறினோம். வழி முழுக்க அவர் சன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

மதுரை டாக்டர் ஒளித்துப் பேசுகிறவர் இல்லை. புற்றுநோய் என்று நேராகச் சொன்னார்.

"கரண்டு வச்சா கரைஞ்சு போகும்னு சொல்றாகளே, அய்யா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். கதிர்வீச்சு வைத்தியத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

"அது மட்டும் போதாது. எலும்பைத் தொட்டிருச்சு. கன்னத்துச் சதையையும் தாடையில ஒரு துண்டையும் கழுத்துக் கட்டிகளையும் சேர்த்து அறுத்து எடுக்கணும். கண்ணுக்குத் தெரியாம ஏதாவது மிச்சம் இருந்தா, அதுக்குத்தான் கரண்டு."

பிறகு என் பக்கம் திரும்பினார். கன்னத்தில் விழும் ஓட்டையை அடைக்க நெற்றித் தோலை எடுத்துத் திருப்பி வைப்பாராம். வெறுமையாகும் நெற்றியில் தொடைத் தோலைச் சீவி ஒட்டுவாராம். எனக்குச் சிரிப்பு வந்தது. வாய்தான் திறக்கவில்லை.

சிரிப்பு ராசிங்காபுரம் வந்து சேர்ந்ததும் நின்றுவிட்டது. என் வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு மதினி, விஷயத்தைக் கேட்டதும் கத்த ஆரம்பித்தார். வியாதியைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை.

"என் தம்பி குத்துக்கல்லாட்டம் இருக்கான். பொட்டு வைக்கிற எடத்த உரிச்செடுத்துப்பிட்டு மூளி நெத்தியோட வந்து நிப்பாளாம்! அவன் உசிருக்கு ஆகுமா அது?"

அறுவைக்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் போடவில்லை. வேறு வைத்தியம் பார்ப்போம் என்றார், ஆடி கழியட்டும் என்றார். ஒன்பது நாள் இப்படியே போனது. கஞ்சியைக் கரண்டி நுனியால் பல் சந்தில் ஊற்றிக்கொண்டிருந்த எனக்கு ஒவ்வொரு நாளும் எண்ணிக்கை. பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பயத்தைவிடக் கோபம் அதிகம். என் நெற்றி போனால் அவர் உயிர் போகுமாம், என் உயிர் போவதைப் பற்றி அந்த வீட்டில் பேச்சே இல்லை.

பத்தாம் நாள் காலையில் துணிப்பையில் இரண்டு சேலையை வைத்துக்கொண்டு அவர்முன் நின்றேன்.

"நான் செத்தா ஒங்க நெத்தியில எதை அழிப்பாக?"

அவர் துணிப்பையையே பார்த்தார்.

"சொல்லுங்க. ஒண்ணும் அழிக்க மாட்டாக. நான் மதுரைக்குப் போறேன். கையெழுத்துப் போட வந்தா வாங்க. இல்லேன்னா புருசன் இல்லேன்னு சொல்லி நானே போட்டுக்கிறேன்."

தெருமுனை திரும்புவதற்குள் செருப்புச் சத்தம் பின்னால் கேட்டது. மூச்சு வாங்க வந்து பையை வாங்கிக்கொண்டார். "தொடைத் தோல்ல வச்சாலும் பொட்டு பொட்டுதானே புள்ள. வெரசா நட, ரயிலு போயிரும்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர்மேல் எனக்கு அவ்வளவு ஆசை வந்ததில்லை.

அறுத்தார்கள். மூக்கில் குழாய் வழியாகப் பாலும் கஞ்சியும் போனது. மூன்று வாரம் கழித்து மறுபடி ஒரு சின்ன அறுவை, அதன்பின் கரண்டு. வலியைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை. வலித்தது, தாங்கினேன். கண்ணாடி பார்த்த அன்று மட்டும் அழுதேன். இடது பக்கம் குழிந்து, நெற்றி வேறு நிறத்தில், யாரோ ஒருத்தி. அவர் குங்குமச் சிமிழைத் திறந்து என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

அடுத்த மழைக்கு மலைக்குப் போனேன், புகையிலை இல்லாமல். அட்டைக்கு மடியில் உப்பு முடிந்துகொண்டேன். என் பேச்சு குழறும், சோறு குழைய வேண்டும், அவ்வளவுதான்.

பத்து வருடம் கழித்து, நெஞ்சுவலி என்று உட்கார்ந்த என் வீட்டுக்காரர் எழுந்திருக்கவே இல்லை. அந்த இழப்பை ஈடுகட்ட எதுவும் இல்லை. பதினாறாம் நாள் பெண்கள் சுற்றி உட்கார, பொட்டை அழிக்க மதினி ஈரத்துணியோடு வந்தார்.

"அன்னைக்கே சொன்னேன், நெத்தியில கை வைக்காதேன்னு. பாரு, என் தம்பியக் கொண்டுபோயிருச்சு" என்று அழுதார்.

அந்தக் கையைப் பிடித்தேன். என் குழறல் யாருக்கும் புரியாமல் போகக்கூடாது என்று இரண்டு தரம் சொன்னேன்.

"இது என் தொடைத் தோலு மதினி. பொண்டாட்டி உசிரோட இருக்கணும்னு ஒங்க தம்பி கையெழுத்துப் போட்டு வாங்கிக் குடுத்த நெத்தி. இதைத் தொடாதீக."

மதினி துணியைக் கீழே போட்டார். இருவரும் கட்டிக்கொண்டு அழுதோம்.